அஞ்சி மகிழும் மலை

விடுமுறை நாட்களில் திருகோணமலைக்கு வருகின்ற குடும்பங்களுள் கோணேசர் மலையில் ஏறாமல் திரும்புவன மிகச் சிலவே. பிரடெரிக் கோட்டையின் வாயிலைக் கடந்து, மரநிழலிற் படுத்து அசைபோடும் புள்ளிமான்களைப் பிள்ளைகளுக்குக் காட்டி, அர்ச்சனைத் தட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு மெல்ல ஏறினால், உச்சியிலே கோயில். கோயிலுக்கு அப்பால் வானும் கடலும். பாறையின் ஓரத்தில் நின்று நோக்குவோர்க்கு முந்நூறு அடிக்கு மேற்பட்ட ஆழத்திலே அலைகள் நுரைப்பது தெரியும். அருகே பாறை இரண்டாகப் பிளந்து நிற்கிறது. அதுவே இராவணன் வெட்டு. நோயுற்ற தாய் வழிபடுவதற்காகக் கோணேசப் பெருமானை மலையோடு பெயர்த்தெடுத்துச் செல்ல முயன்ற இலங்கை வேந்தன், தன் வாளால் வெட்டிய தழும்பு அது என்பது ஊரார் வழிவழியாகச் சொல்லிவரும் கதை.

அங்கே நிகழும் சிறு காட்சி ஒன்றைக் கவனித்தவர்கள் பலர் இருப்பார்கள். "கீழே பாராதே, தலை சுற்றும்" என்று தாய் சொல்லுவாள். பிள்ளையோ தகப்பனின் கையை இறுகப் பற்றிக்கொண்டு, கழுத்தை நீட்டிக் கீழேதான் பார்க்கும். பார்த்தவுடன் உடல் சிலிர்க்கும், பின்வாங்கும், மறுகணம் மீண்டும் பார்க்கும். அஞ்சுகின்ற பொருளை எதற்காக மனிதன் தேடிச் சென்று பார்க்கிறான்? அச்சமும் மகிழ்ச்சியும் ஒன்றுக்கொன்று பகையென்றால், அந்தப் பிள்ளையின் முகத்திலே இரண்டும் ஒருங்கே தோன்றுவது எவ்வாறு?

இவ்வினாவையே மூலதனமாகக் கொண்டு பெருந்தொழில் ஒன்று உலகில் வளர்ந்திருக்கிறது. ஆங்கிலத்தில் ரோலர் கோஸ்டர் என வழங்கும் மலைச்சறுக்கு ஊர்தியே அது. திருகோணமலையில் அத்தகைய ஊர்தி இல்லை. ஆயினும், இம்மாவட்டத்தை விட்டுக் கனடாவிலும் இங்கிலாந்திலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள், தம் பள்ளி விடுமுறையில் எதில் ஏறவேண்டும் என்று பெற்றோரை நச்சரிப்பார்கள் என்று கேட்டால், மறுமொழி பெரும்பாலும் இதுவாகவே இருக்கும். பாட்டியையும் உடன் வரும்படி அவர்கள் அழைப்பதுண்டு. "இந்த வயதில் எனக்கு இது வேண்டுமா?" என்று கேட்கும் பாட்டிக்கு, ஏறுவதா விடுவதா என்று முடிவு செய்ய உதவும் அளவுக்கேனும் அவ்வூர்தியின் இயல்பை அறிந்து வைப்பது நன்று.

இவ்வூர்தியின் பிறப்பிடம் குளிர்நாடான ரஷ்யா. மாரிக்காலத்தில் மரச்சட்டங்களால் உயர்ந்த சாய்தளம் அமைத்து, அதன்மேல் நீர் ஊற்றிப் பனிக்கட்டியாக உறையவிட்டு, சறுக்குப் பலகையில் அமர்ந்து இறங்குவது அங்கே மக்களின் விளையாட்டாக இருந்தது. பேரரசி கத்தரீனும் தம் மாளிகைத் தோட்டத்தில் அத்தகைய சறுக்குமலை ஒன்றை அமைப்பித்தார். பின்னர் இவ்விளையாட்டு பிரான்சு நாட்டை அடைந்தது. பனி நிலைத்து நில்லாத பாரிஸ் நகரில் பலகைக்குச் சக்கரமும், சக்கரத்துக்குத் தடமும் தேவைப்பட்டன. 1817ஆம் ஆண்டில் அந்நகரில் அத்தகைய சக்கர ஊர்திகள் ஓடலாயின. பிரெஞ்சு மொழியில் இன்றளவும் இதற்கு "ரஷ்ய மலைகள்" என்று பெயர். வியப்பு யாதெனில், ரஷ்யர்கள் இதனை "அமெரிக்க மலைகள்" என்று அழைக்கிறார்கள். அச்சத்தைத் தன் ஊர்ப் பொருள் என்று ஒப்புக்கொள்ள எந்த நாட்டுக்கும் மனமில்லைப் போலும்!

அமெரிக்காவில் இதன் கதை நிலக்கரியோடு தொடங்குகிறது. பென்சில்வேனியா மாநிலத்தின் மலையொன்றிலிருந்து நிலக்கரியைக் கீழே கொணர 1827இல் ஒரு தண்டவாளப் பாதை போடப்பட்டது. நிலக்கரி நிரம்பிய வண்டிகள் தம் பாரத்தாலேயே மலையிறங்கும். வெறும் வண்டிகளைக் கோவேறு கழுதைகள் மேலே இழுத்துச் செல்லும். பிற்காலத்தில் நிலக்கரிக்கு வேறு பாதை கிடைத்ததும், பழைய பாதையில் உல்லாசப் பயணிகள் ஏறி இறங்கத் தொடங்கினார்கள். உழைப்பாளியின் வண்டி களியாட்ட வண்டியாயிற்று. 1884இல் லாமார்க்கஸ் தொம்சன் என்பவர் நியூயோர்க் நகரை அடுத்த கொனி ஐலண்ட் கடற்கரையில், ஐந்து சதக் கட்டணத்தில் ஏறத்தக்க சறுக்குப் பாதையை அமைத்தார். அதன் வேகம் மணிக்கு ஆறு மைல். இன்று ஓட்டப் பயிற்சி செய்யும் ஒருவர் அதனை எளிதில் முந்திவிடுவார். ஆயினும் மக்கள் வரிசையில் நின்று ஏறினார்கள்.

தொம்சன் மற்றொன்றையும் கண்டுகொண்டார். வேகத்தை மட்டும் கூட்டிக்கொண்டே போவதால் பயனில்லை. பாதையின் இருமருங்கும் ஓவியத் திரைகளும், குகைகளும், ஒளி அலங்காரமும் அமைத்தால், அதே இறக்கம் புதிய அனுபவமாகிவிடும். தண்டவாளத்துக்கு ஒரு கதையைப் போர்த்துகின்ற கலை அன்றே தோன்றிவிட்டது. அக்கலையின் பெருவளர்ச்சி 1959இல் நிகழ்ந்தது. கலிபோர்னியாவிலுள்ள டிஸ்னிலாந்தில், சுவிட்சர்லாந்தின் மற்றர்ஹோர்ன் சிகரத்தைப் போலவே 147 அடி உயரத்தில் ஒரு செயற்கை மலை எழுப்பப்பட்டது. அதன் வயிற்றுக்குள்ளே ஊர்திகள் சுழன்றோடின. அதுகாறும் பெரும்பாலும் மரச்சட்டங்களின்மேல் தட்டை இரும்புப் பட்டைகளிற் சென்ற ஊர்தி, அங்கேதான் முதன்முதலாக உருக்குக் குழாய்த் தண்டவாளத்தில் ஓடியது. குழாயை வேண்டியவாறு வளைக்கலாம். ஆகவே பாதையையும் வேண்டியவாறு முறுக்கலாம். இன்று உலகெங்கும் காணப்படும் உருக்குப் பாதைகளுக்கெல்லாம் அதுவே வழிகாட்டி.

இனி, இவ்வூர்தி இயங்கும் விதத்தை நோக்குவோம். மலையுச்சி வரை ஊர்தியைச் சங்கிலியொன்று இழுத்துச் செல்கிறது. உச்சியைக் கடந்தபின் அதனை ஓட்டும் இயந்திரம் இல்லை. பூமியின் ஈர்ப்பே அதனை ஓட்டுகிறது. கிணற்றிலிருந்து நீர் இறைத்து மேல்தொட்டியை நிரப்பி வைத்தால், பின்பு குழாயைத் திறந்தவுடன் நீர் தானே பாய்வதைப் போல, ஏறும்போது சேமித்த ஆற்றல் இறங்கும்போது வேகமாக வெளிப்படுகிறது. உராய்வாலும் காற்றின் தடையாலும் அந்த ஆற்றலில் ஒரு பகுதி வழியெல்லாம் கரைந்துபோகும். ஆதலால் இடையில் மறுபடியும் இழுத்து ஏற்றினாலன்றி, அடுத்தடுத்து வரும் மேடுகள் முதல் மேட்டினும் தாழ்ந்தே இருத்தல் வேண்டும்.

இறங்கும் வேகம் ஊர்தியின் பாரத்தைப் பொறுத்ததன்று. இறங்கும் உயரத்தையே பெரிதும் பொறுத்தது. அதிலும் ஒரு நுட்பம் உண்டு. வேகம் இரட்டிப்பாக வேண்டுமாயின் உயரம் நான்கு மடங்காக வேண்டும். எண்பது அடி இறங்கும் ஊர்தி ஏறத்தாழ மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தை அடையும். கோணேசர் மலையிலிருந்து முந்நூறு அடி கீழே விழும் கல், காற்றின் தடையைக் கணக்கில் எடாவிட்டால், நான்கு வினாடிகளுக்குச் சற்று மேற்பட்ட நேரத்தில் நீரைத் தொடும். அப்போது அதன் வேகம் மணிக்கு 150 கிலோமீற்றர் அளவில் இருக்கும். உயரம் ஏறக்குறைய நான்கு மடங்கு. வேகமோ இரண்டு மடங்குக்கும் சற்றுக் குறைவே.

இறக்கத்தில் வயிறு தொண்டைக்கு ஏறுவது போன்ற உணர்வு ஏன் உண்டாகிறது? முன்னாளிலே திருகோணமலையிலிருந்து மூதூருக்கு லாஞ்சியிற் சென்றவர்கள் இதனை நன்கறிவார்கள். கொட்டியாரக் குடாவின் அலை லாஞ்சியைத் தூக்கித் திடீரெனக் கீழே விடும்போது, இருக்கை ஒரு கணம் உடலை விட்டு விலகுவது போலத் தோன்றும். மனிதன் தன் பாரத்தை உணர்வது பூமி இழுப்பதனால் அன்று. இருக்கையோ தரையோ அவனை மேல்நோக்கித் தாங்குவதனால். ஊர்தியும் உடலும் ஒரே விதமாக வீழும்போது தாங்குவாரில்லை, பாரமும் தெரிவதில்லை. குடலும் இரைப்பையும் தம் இடத்தில் மெல்ல மிதக்கின்றன. உட்செவியிலுள்ள சமநிலை உறுப்பு இதனை உடனே மூளைக்குத் தெரிவிக்கிறது. "விழுகிறோம்" என்ற அச்செய்தி கிடைத்ததும் அதிரினலின் என்னும் சுரப்பு இரத்தத்தில் கலக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. பள்ளத்தின் அடியிலே பாதை மேல்நோக்கி வளையும்போது இதற்கு நேர்மாறு: உடலின் பாரம் இரண்டு மூன்று மடங்கானது போலத் தோன்றி, இருக்கையோடு அழுத்தப்படுகிறது. இவ்வாறு பாரமின்மையும் மிகுபாரமும் மாறிமாறி வருவதே இவ்வூர்தியின் தாளம்.

ஆனால் உடல் அறியும் தாளம் இவ்வளவே என்றால், எண்பது அடி இறக்கத்தை எண்ணாயிரம் அடி மலையாக மனம் காண்பது எவ்வாறு? இங்கேதான் கதை வருகிறது. அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு, அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், டிஸ்னி நிறுவனத்தின் விலங்குப் பூங்காவில் 2006ஆம் ஆண்டு திறக்கப்பட்ட "எவரெஸ்ட் பயணம்" என்னும் ஊர்தி. புளோரிடா தட்டையான நிலம். அங்கே இமயமும் இல்லை, உறைபனியும் இல்லை. அந்நிலத்தின்மேல் உருக்கினாலும் சீமேந்தினாலும் பனிச்சிகரம் ஒன்றை எழுப்பினார்கள். அதன் உயரம் 199½ அடி. அந்த அரையடி ஏன் குறைந்தது எனலாம். இருநூறு அடிக்கு மேற்பட்ட கட்டடங்களின் உச்சியில் விமானங்களுக்கு எச்சரிக்கை விளக்கு வைக்க வேண்டும் என்பது அந்நாட்டு விதி. இமயத்தின் உச்சியிலே சிவப்பு விளக்கு மின்னினால் கதை கெட்டுவிடுமன்றோ!

ஊர்தியில் ஏறுவதற்கு நெடுநேரம் முன்னரே அங்கே பயணம் தொடங்கிவிடுகிறது. வரிசையில் நிற்பவர்கள் வெறும் வேலிகளுக்கிடையில் நிற்பதில்லை. இமயமலைச் சிற்றூர் ஒன்றின் தெருவிலே நடக்கிறார்கள். பயண முகவரின் அலுவலகம், மலைத் தெய்வத்தின் கோயில், மலையேறுவோர்க்கான கடை, பனிமனிதனைப் பற்றிய சிறு நூதனசாலை என ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. பிரார்த்தனைக் கொடிகள் காற்றில் ஆடுகின்றன. இவற்றை அமைத்தவர்கள் நேபாளத்துக்கு நேரிற் சென்று, அங்குள்ள வீடுகளையும் கோயில்களையும் மரவேலைப்பாடுகளையும் பார்த்து வந்தே அமைத்தார்கள். கதை இதுதான்: முன்னொரு காலத்தில் மலையிலிருந்து தேயிலை ஏற்றி வந்த புகையிரதம் ஒன்று, பனிமனிதனுக்கு அஞ்சிக் கைவிடப்பட்டது, இப்போது அது பயணிகளை எவரெஸ்டின் அடிவாரத்துக்கு ஏற்றிச் செல்கிறது. தேயிலைத் தோட்டங்களையும் மலைநாட்டுப் புகையிரதத்தையும் அறிந்த இலங்கையர் ஒருவர் அதில் ஏறினால், ஊரின் சாயலை அங்கே கண்டு புன்னகை செய்வார்.

கண்ணை ஏய்க்கும் ஒரு நுட்பத்தையும் அங்கே கையாண்டிருக்கிறார்கள். பாதை புகுந்து செல்லும் பெருமலை உண்மையில் எவரெஸ்ட் அன்று; அது கதையிலுள்ள காவல் மலை. எவரெஸ்ட் சிகரமோ அதற்குப் பின்னே தொலைவில் நிற்பதாகச் சிறிதாக அமைக்கப்பட்டிருக்கிறது. அண்மையிலுள்ளது பெரிதாகவும் சேய்மையிலுள்ளது சிறிதாகவும் தோன்றும் என்பது கண்ணின் பழக்கம். அப்பழக்கத்தைப் பயன்படுத்தி, சில நூறு அடித் தொலைவைப் பல மைலாகக் காட்டிவிடுகிறார்கள். கோபுரத்தின் நிலைகளை மேலே போகப் போகக் குறுக்கி அமைத்து, உள்ள உயரத்தைக் காட்டிலும் மிகுதியாகத் தோன்றச் செய்த நம் சிற்பிகளுக்கும் இவ்வுண்மை புதிதன்று.

ஊர்தி மலைக்குள் ஏறுகிறது. கோயிலொன்றினூடே செல்கிறது, பனிமனிதனின் ஓவியம் சுவரிலே தெரிகிறது. உச்சியை அடைந்ததும் முன்னே தண்டவாளம் பிய்த்தெறியப்பட்டு, முறுக்கிய இரும்பாக வானை நோக்கி நிற்கிறது. வண்டி அங்கே நின்றுவிடுகிறது. மேலே செல்ல வழியில்லை. பயணிகள் அனைவரும் உடைந்த பாதையையே நோக்கிக்கொண்டிருக்கும் அச்சிறு பொழுதில், அவர்களுக்குப் பின்னால் தண்டவாளத்தின் ஒரு துண்டு தலைகீழாகப் புரண்டு வேறொரு பாதையோடு இணைந்துகொள்கிறது. திடீரென்று வண்டி பின்னோக்கி இருளுக்குள் பாய்கிறது. எங்கே போகிறோம் என்று காணமுடியாத அப்பாய்ச்சலே பலருக்குப் பேரச்சம். மீண்டும் நிற்கிறது, பனிமனிதனின் நிழல் பாதையைப் பிய்ப்பது தெரிகிறது, பிறகு முன்னோக்கி எண்பது அடி இறக்கம், மணிக்கு ஐம்பது மைல் வேகம். மலையின் உயரத்தில் பாதியளவுகூட இறங்கவில்லை. ஆயினும் இறங்கி வந்தவரைக் கேட்டால், மலையுச்சியிலிருந்தே விழுந்ததாகச் சத்தியம் செய்வார். விழுந்தது உடல் எண்பது அடி, எஞ்சியது மனம்.

இங்கே வேடிக்கையான ஒரு செய்தியும் உண்டு. மலைக்குள்ளே பயணிகளை நோக்கிக் கையை வீசிப் பாயும்படி, இருபது அடிக்கு மேற்பட்ட உயரமுள்ள பனிமனிதப் பொறியைச் செய்து வைத்திருந்தார்கள். ஊர்தி திறந்து நெடுங்காலம் ஆகுமுன்னரே அப்பொறி அசைவதை நிறுத்திவிட்டது. அதன்பின் ஆண்டுக்கணக்காக, அசையாத அவ்வுருவின்மேல் விளக்குகளை மின்னி மின்னி அணைத்து, அது அசைவதாகக் காட்டினார்கள். ஏறுவோர் தொகை அதனால் குறைந்துவிடவில்லை. உண்மையான பனிமனிதன் கதையும் ஏறக்குறைய இத்தகையதே. நேபாளத்தின் கும்ஜுங் மடத்தில் பனிமனிதனின் தலைத்தோல் என்று போற்றிப் பாதுகாக்கப்பட்ட பொருளை, எவரெஸ்டில் ஏறிய எட்மண்ட் ஹில்லரி 1960இல் வெளிநாடுகளுக்குக் கொண்டுசென்று ஆராய்வித்தார். அது மலையாட்டினம் ஒன்றின் தோலாற் செய்யப்பட்டது என்று அறிஞர் கூறினர். அவ்வூரார் அதனைத் திரும்பப் பெற்று முன்போலவே மடத்தில் வைத்துப் போற்றினார்கள். கதையை மெய்ப்பிப்பது ஒன்று. கதையோடு வாழ்வது மற்றொன்று.

கதையின் அச்சம் பொய். ஆனால் இரும்பின் ஆபத்து பொய்யன்று. இதனை மறந்தால் இவ்வூர்தியைப் பற்றிய விளக்கம் நிறைவுறாது. எண்பது கிலோமீற்றர் வேகத்தில் வளைந்து செல்லும் வண்டி தடத்தை விட்டு எழாதிருப்பது எதனால்? அதன் சக்கரங்கள் மூன்று வகை. ஒரு வகை தண்டவாளத்தின் மேலே உருள்கிறது. ஒரு வகை பக்கத்தைப் பற்றுகிறது. மூன்றாவது வகை தண்டவாளத்துக்கு அடியிலே நின்று, வண்டி மேலெழாதபடி தடுக்கிறது. ஜோன் மில்லர் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் 1919இல் உரிமைப் பதிவு செய்த இவ்வடிச்சக்கரமே பிற்காலத்து வேகங்களுக்கெல்லாம் காப்பாயிற்று. சங்கிலியில் ஏறும்போது "கடக் கடக்" என்று கேட்கும் ஓசையும் பயமுறுத்துவதற்காக வைத்ததன்று. வண்டியின் அடியிலுள்ள இரும்பு நாக்கு ஒவ்வொரு பல்லாகத் தாண்டி விழும் ஓசை அது. கிணற்று இராட்டினத்துக் கயிறு கையை விட்டு நழுவினால் வாளி என்னவாகும் என்பதை அறிந்தவர்களுக்கு அந்நாக்கின் பெருமை விளங்கும். சங்கிலி அறுந்தாலும் வண்டி பின்னோக்கி ஓடாதபடி அது பற்றிக்கொள்ளும். அச்சமூட்டும் அந்த ஓசை உண்மையில் காவற்காரனின் குரல்.

அக்காவல் தவறினால் விளைவது யாது என்பதை இலண்டன் நகரம் அறிந்தது. 1972ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள், பற்றர்சீ பூங்காவில் மலையேறிக்கொண்டிருந்த மரப்பாதை ஊர்தி இழுப்புக் கயிற்றிலிருந்து விடுபட்டது. பின்னோட்டத்தைத் தடுக்கவேண்டிய பொறி வேலை செய்யவில்லை. வண்டி பின்னோக்கி ஓடி நொறுங்கியதில் ஐந்து சிறுவர் சிறுமியர் உயிரிழந்தனர். விடுமுறையைக் கழிக்க வந்த பிள்ளைகள் அவர்கள். அந்த ஊர்தி அதன்பின் ஓடவே இல்லை.

மற்றொரு விபத்து வேறொரு பாடத்தைக் கற்பித்தது. ஒரே பாதையில் பல வண்டிகளை ஓட்டும்போது, பாதையைப் பல துண்டுகளாகப் பிரித்து, ஒரு துண்டில் ஒரு வண்டி நிற்கும்வரை மற்றொன்றை அதற்குள் விடாதிருப்பது விதி. இலங்கைப் புகையிரதச் சாரதிகளுக்கு இது பழகிய செய்தி. ஒற்றைத் தண்டவாளப் பாதைகளில், அந்தத் துண்டுக்குரிய அனுமதி வில்லையைக் கையிற் பெறாமல் சாரதி வண்டியை எடுக்கமாட்டார் என்பது நெடுங்கால வழக்கம். 2015ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாள், இங்கிலாந்தின் அல்ற்றன் டவர்ஸ் பூங்காவில், முன்னே வெற்று வண்டியொன்று நின்றுவிட்டதை அறிந்த கணினி பின்வந்த வண்டியைச் சரியாகவே நிறுத்தியது. அங்கிருந்த பொறியியற் பணியாளர்கள், பாதையில் ஒன்றுமில்லை, கணினிதான் பிழை செய்கிறது என்று எண்ணி, அதன் தடையை நீக்கி வண்டியை விட்டார்கள். வண்டி வெற்று வண்டியில் மோதியது. பதினாறு பேர் காயமுற்றனர். இளம்பெண்கள் இருவர் ஒவ்வொரு காலை இழந்தனர். மறுவருடம் நீதிமன்றம் அந்நிறுவனத்துக்கு ஐம்பது இலட்சம் பவுண் அபராதம் விதித்தது. இயந்திரம் "நில்" என்று சொல்லியது. மனிதர் கேட்கவில்லை.

இத்தகைய விபத்துகள் மிக அரியன. நல்ல முறையிற் பேணப்படும் ஊர்தியில் ஏறுவோருள் மிகப் பெரும்பாலோர் சிரித்துக்கொண்டே இறங்குகிறார்கள். ஆயினும், ஏறுவோர் மேற்கொள்ள வேண்டிய கடமைகள் சில உண்டு. பிள்ளையின் உயரத்தை அளக்கும் கோல் வாயிலிலே நிற்பது அழகுக்காக அன்று. மடிமேல் அழுத்தும் சட்டம் சிறிய உடலைப் பிடித்து நிறுத்தாது என்பதற்காக. இருதய நோயுடையோர், கழுத்திலும் முதுகிலும் நோவுடையோர், கருவுற்ற மகளிர் ஆகியோர் ஏறாதிருத்தல் வேண்டும். கைத்தொலைபேசியைக் கையில் நீட்டிப் படம்பிடிப்பது பின்னிருப்பவர்க்குக் கேடு. நடத்துனர் சட்டத்தை இழுத்துப் பார்க்காமல் வண்டியை விட்டால், "பாருங்கள்" என்று கேட்பதற்கு நாணவேண்டியதில்லை. ஆகவே, பாட்டியின் வினாவுக்கு மறுமொழி வயதைப் பொறுத்ததன்று. உடல்நிலையையும் மனவிருப்பத்தையும் பொறுத்தது. அவர் கீழே நின்று கையசைத்தாலும் பயணத்தில் பங்குகொண்டவரே.

தொடக்கத்திற் கேட்ட வினா இன்னும் எஞ்சி நிற்கிறது. அச்சமும் மகிழ்ச்சியும் ஒருங்கே தோன்றுவது எவ்வாறு? இதற்கு நம் முன்னோர் கல்லிலே ஒரு விடை எழுதி வைத்திருக்கிறார்கள். இராவணன் கயிலை மலையைப் பெயர்த்தெடுக்கும் சிற்பம் எல்லோராவின் கயிலாசநாதர் கோயிலிலே உண்டு. கீழே இருபது கைகளாலும் மலையை அசைக்கிறான் அரக்கர் கோன். மேலே மலை நடுங்குகிறது. தோழி ஒருத்தி ஓடுகிறாள். உமையம்மை அஞ்சி இறைவனைப் பற்றிக்கொள்கிறாள். இறைவனோ அமைதியாக வீற்றிருந்து, கால்விரலால் மலையை அழுத்துகிறார். கோணமலையைப் பாடிய திருஞானசம்பந்தர் தம் பதிகங்களிலே எட்டாம் பாடல்தோறும் இக்கதையை நினைவூட்டுவது வழக்கம். மலை நடுங்கும்போது ஓடுகிறவளுக்கு அது ஆபத்து. பற்றிக்கொள்ள ஒருவர் அருகில் இருப்பவளுக்கோ அதே நடுக்கம் ஊடல் தீரும் தருணம் என்று புலவர்கள் கற்பனை செய்தார்கள். நடுக்கம் ஒன்றே, பிடிமானம் உள்ளதும் இல்லாததுமே வேறுபாடு.

மலைச்சறுக்கு ஊர்தி விற்பதும் இந்தப் பிடிமானத்தையே. உடல் "விழுகிறோம்" என்கிறது. அறிவு "விழமாட்டோம்" என்கிறது. இரண்டுக்கும் நடுவிலே பிறக்கும் கூச்சலும் சிரிப்புமே அந்த இன்பம். மடிச்சட்டமும் அடிச்சக்கரமும் இரும்பு நாக்கும் அவற்றை நாள்தோறும் விடியற்காலையிற் சோதிக்கும் தொழிலாளியின் கண்ணும் உண்மையாக இருந்தால்தான், அச்சம் விளையாட்டாக இருக்கமுடியும். அவை பொய்யாகிவிட்டால், விளையாட்டு அக்கணமே மறைந்துவிடும். பயணிகளுக்குப் பனிமனிதன் அசைகிறானா இல்லையா என்பது பெரிதன்று. அந்த நாக்கு அசைகிறதா என்பதே பெரிது.

செய்மலைக்கும் மெய்மலைக்கும் உள்ள வேறுபாட்டையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம். புளோரிடாவின் கோயில் கதைக்காகக் கட்டப்பட்டது. அதன் பழமை தூரிகையால் தீட்டப்பட்டது. கோணேசர் மலையின் பழமை அத்தகையதன்று. 1624இல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்து, அதன் கற்களைக்கொண்டு கோட்டை எழுப்பினர். எஞ்சியவற்றுட் பல கடலில் வீழ்ந்தன. 1950இல் மலையை அடுத்த நிலத்தில் கிணறு தோண்டியபோது திருவுருவங்கள் சில மண்ணுக்கடியிலிருந்து வெளிப்பட்டன. 1956இல் எழுத்தாளர் ஆர்தர் கிளார்க்கும் அவருடைய தோழர் மைக் வில்சனும் மலையடிக் கடலில் மூழ்கி, செதுக்கிய தூண்களும் கற்களும் கிடப்பதைக் கண்டார்கள். இன்று உச்சியில் நிற்கும் கோயில், அவ்வாறு வீழ்ந்தபின் எழுந்தது. அங்கே மூன்று நிமிடத்தில் முடியும் பயணம் இல்லை, மடிச்சட்டமும் இல்லை. உள்ளது ஒரு கைப்பிடிச் சுவர். அதனைத் தாண்டாதிருக்கும் அறிவு. பிள்ளையின் கையைப் பற்றியிருக்கும் தகப்பனின் கை.

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகள் கோணேசர் மலையில் நின்று, "நாங்கள் இதைவிடப் பெரிய மலையிலிருந்து விழுந்திருக்கிறோம்" என்று பெருமை பேசலாம். பாட்டி அதனைக் கேட்டுச் சிரிக்கலாம். அவர்கள் விழுந்தது எண்பது அடிதான் என்பதை இப்போது அவர் அறிவார். ஆனாலும் இராவணன் வெட்டின் ஓரத்திலே அப்பிள்ளைகள் கீழே எட்டிப் பார்க்கும்போது, அவருடைய கையைத்தான் முதலிற் பற்றிக்கொள்வார்கள்.